பாறையில் தழைத்த பூங்கா

இராஜஸ்தான் மாநிலத்தில், தார்ப் பாலைநிலத்தின் விளிம்பில் அமைந்த பழம்பெரு நகரம் ஜோத்பூர். இராவ் ஜோதா என்னும் மன்னர் 1459-ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். அந்நகரின் மேலோங்கி நிற்கும் மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டி, அம்மன்னரின் பெயர் தாங்கிய பாலைநிலப் பாறைப் பூங்கா ஒன்று விளங்குகின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 70 எக்டேர் ஆகும்.

பூங்கா என்றவுடன் பசும்புல் தரையும் வண்ணமலர்ப் பாத்திகளும் நினைவிற்கு வருதல் இயல்பு. இங்கு அவை இல்லை. வருவோர் கண்முன் விரிவன பெரும்பாலும் செம்பழுப்பு நிறப் பாறைகளே. இவை சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு இறுகியதனால் உண்டானவை. ஆண்டு மழையோ சராசரியாக 40 சென்டிமீட்டருக்கும் குறைவு.

எனினும், உற்று நோக்குவார்க்கு வியப்புகள் பல உள. பாறை வெடிப்பில் வேரூன்றிய ஒருவகைக் கள்ளி, வறட்சிக் காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டுப் பச்சைத் தண்டினாலேயே உணவு ஆக்கிக்கொள்கின்றது. மழை பெய்ததும் மீண்டும் தளிர்க்கின்றது. ‘கேர்’ என்னும் புதர்ச்செடி ஆண்டின் பெரும்பகுதியும் இலையின்றியே வாழ்ந்து, செந்நிற மலர்களைப் பூக்கின்றது. இலை வழியே நீர் ஆவியாகிப் போகாமல் காத்துக்கொள்ளும் சிக்கனமே இவற்றின் வாழ்க்கை நெறி.

இவ்விடம் முன்னர் இவ்வாறு இருக்கவில்லை. வறண்ட நிலத்தைப் பசுமையாக்கும் நன்னோக்குடன் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணரப்பட்ட ஒரு மரம், அங்கிருந்த இயற்கைச் செடிகளை நெருக்கி, நிலமெங்கும் பரவிவிட்டது. தமிழ்நாட்டின் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமே அம்மரம். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் தழைக்கும். பாறையினுள் இறங்கிய வேரைப் பறிப்பதோ அரிது.

2006-ஆம் ஆண்டில் அந்நிலத்தைச் சீர்திருத்தும் பணி தொடங்கியது. கல்லகழும் தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற ‘கந்துவாலியர்’ துணைக்கு அழைக்கப்பட்டனர். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே பாறையின் தன்மையை அறிய வல்லவர் அவர். உளியால் பாறையைச் சிறிது சிறிதாகக் குடைந்து, வேர்க்கட்டைகளை அவர்கள் பெயர்த்தெடுத்தனர். அக்குழிகளிலேயே மண் இட்டுப் பாலைநிலத்திற்கு உரிய செடிகள் நடப்பட்டன. 2011-ஆம் ஆண்டில் பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பசுமை யாவும் நன்மை என்று கருதுதல் பிழை. எந்நிலத்திற்கு எச்செடி உரியது என்பதை ஆராய்ந்து நடுதலே அறிவுடைமை. ஒரு மரத்தைக் கொணர்தல் எளிது. அதனால் விளைந்த கேட்டைக் களைதல் எத்துணை அரிது என்பதை அப்பாறைகளில் உள்ள உளித் தழும்புகள் உணர்த்துகின்றன.