மூன்று மாத மழை, பன்னிரண்டு மாதப் பிழைப்பு

புதுவைக்குத் தென்மேற்கே, நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கிறது பண்டசோழநல்லூர். பெயரிலேயே சோழனும் இருக்கிறான், நல்லூரும் இருக்கிறது. ஆனால் எந்த வருஷம் அது நல்லூராக இருக்கும் என்பதை ஐப்பசி, கார்த்திகை வானம்தான் தீர்மானிக்க வேண்டும்!

புதுவை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரி 130 சென்டிமீட்டர் மழை. குறைவென்று சொல்ல முடியாது. சங்கடம் என்னவென்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழை உண்டு. சித்திரை, வைகாசியிலோ வெயில் நூறு டிகிரியைத் தாண்டும். கடற்காற்று வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு விடலாம்.

கொட்டுகிற காலத்தில் பிடித்து வைக்க முன்னோர் வெட்டியவை ஏரிகள். புதுவைப் பகுதியில் அவை 84. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் தலைப்பு சொர்ணாவூர் அணையில், தமிழ்நாட்டில் இருக்கிறது. பாய்கிற வயல் புதுவையில்! பிரெஞ்சுக்காரர் ஊர்களும் ஆங்கிலேயர் ஊர்களும் சதுரங்கக் கட்டம்போல் கலந்து கிடந்ததன் மிச்சம் இது. 1954 மார்ச் மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறிற்று. நவம்பர் 1-ல் நிர்வாகமும் கைமாறியது. எல்லைக் கோடுகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. மேகத்துக்கு ஏது எல்லை?

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த வட்டாரத்தில் குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகவே பொங்கி வழிந்த கிணறுகள் உண்டு. மோட்டார் வந்தது, நிலத்தடி நீர் இறங்கிற்று, கடலோரக் கிணறுகளில் உப்பும் ஏறிற்று. ஏரியை மறந்ததன் பலன் என்று சொன்னால் தப்பில்லை. 1999-ல் ஐரோப்பிய உதவியுடன் ஏரிகளைச் சீர்செய்யும் திட்டம் தொடங்கியதும் இதனால்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறியது. ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு! அடுத்து சாத்தனூர் அணை திறந்த வெள்ளம் தென்பெண்ணை வழியே பாகூர்ப் பக்கம் புகுந்தது. சம்பா வயலில் நிற்கிற நேரம் அது. வந்த தண்ணீரில் பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று. தை பிறந்து நவரைக்கு நாற்று விட வேண்டுமானால், மறுபடி மோட்டார் பொத்தானைத் தட்ட வேண்டியதுதான்.