டாக்ஸ் சைட்டில் ஒரு ஒட்டுக்கேட்கும் புள்ளி!

'நமக்கும் இன்கம்டாக்ஸுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஆலங்குளத்துல இருந்து ராஜபாளையம் காலேஜுக்கு பஸ்ல போய்க்கிட்டே, பார்ட் டைமா டிசைன், டேட்டா என்ட்ரினு சம்பாதிக்கிற பார்ட்டியா நீங்க? பேமென்ட்ல டி.டி.எஸ். பிடிச்சிருந்தா, அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டே ஆகணும். கூகுள்ல தேடினா, 'அஞ்சே நிமிஷத்துல ஃபைலிங்'னு நாலு தனியார் சைட் முன்னாடி வந்து நிக்கும். அங்கேதான் கொஞ்சம் பிரேக் போடணும்.

2022 நவம்பர்ல, அமெரிக்காவின் 'தி மார்க்கப்' செய்தி நிறுவனம் ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சது. ஹெச் அண்ட் ஆர் பிளாக், டாக்ஸ்ஆக்ட், டாக்ஸ்ஸ்லேயர் ஆகிய வரி சைட்களில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவோட 'பிக்ஸல்' உட்கார்ந்திருந்தது. அது ஒரு துக்கடா புரோகிராம். கண்ணுக்கே தெரியாது. நீங்க எந்தப் பக்கம் பார்க்கிறீங்க, எதை கிளிக் பண்றீங்கனு மெட்டாவுக்குச் சத்தமில்லாம சொல்லிக்கிட்டே இருக்கும். விளம்பரம் எடுபடுதானு பார்க்கத்தான் சைட்காரங்க இதை வைக்கிறாங்க. ஆனா டாக்ஸ்ஆக்ட்ல இருந்து வருமானமும் ரீஃபண்ட் தொகையுமே போயிருக்கு. ஹெச் அண்ட் ஆர் பிளாக்ல இருந்து, பிள்ளைங்களோட காலேஜ் செலவு, உதவித்தொகை விவரம்! வருமானத்தை ஆயிரத்துக்கு ரவுண்ட் பண்ணி அனுப்பினாங்களாம். என்ன ஒரு கரிசனம்! ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவங்களும் தப்பலை.

நம்ம நாட்டுல நடந்தது வேற ரகம். 2025-ல் அரசாங்கத்தோட இ-ஃபைலிங் போர்ட்டல்லயே ஓட்டை. லாகின் பண்ணின ஒருத்தர், பிரவுசர் அனுப்புற தகவல்ல தன் பான் நம்பரை எடுத்துட்டு வேற ஒருத்தர் பான் நம்பரைப் போட்டா போதும். அவரோட முகவரி, போன், பேங்க் விவரம், ஆதார் எல்லாம் வந்து விழும். லாட்ஜ்ல உங்க ரூம் சாவி எல்லா ரூமையும் திறந்தா எப்படி? அப்படி! பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் கண்டுபிடிச்சுச் சொன்ன பிறகு, அக்டோபர் 2-க்குள்ள அடைச்சாங்க.

டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023-லயே வந்தாச்சு. விதிகள் வந்தது 2025 நவம்பர்ல. அதுலயும் கம்பெனிகளோட முக்கியக் கடமைகளுக்கு 18 மாசம் டைம் கொடுத்திருக்காங்க.

சின்ன ரிட்டர்னுக்கு அரசு போர்ட்டலே போதும், ஃப்ரீதான். தனியார் சைட்தான்னா, கம்ப்யூட்டர்ல எஃப் 12 தட்டி 'நெட்வொர்க்'கைப் பாருங்க. சம்பந்தமே இல்லாம ஃபேஸ்புக் பேர் ஓடுச்சுனா, ஆள் உள்ளே இருக்கார்னு அர்த்தம். பிரவுசிங் சென்டர்ல போடுறீங்களா? லாக் அவுட் பண்ணிட்டு, டவுன்லோட் ஃபோல்டர்ல கிடக்கிற ஃபார்ம் 16-ஐயும் அழிங்க. ரீசைக்கிள் பின்ல இருந்தும்தான்!