நம்பரைப் பார்க்கும் முன் நெஞ்சைப் பாருங்கள்

மூச்சுத்திணறல் நோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும் குடும்பங்கள் திரும்பத் திரும்ப அதே தவறுகளைத்தான் செய்கின்றன. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கும் ஆளே எத்தனை லிட்டரில் வைப்பது என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். விரலில் மாட்டும் கருவி சாச்சுரேஷனை (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை) 90 என்று காட்டியதும் மகன் பதறிப்போய்த் திருகை 2-லிருந்து 5-க்கு ஏற்றுகிறார். ‘பம்பு பழகிவிடும்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு இன்ஹேலர் அலமாரிக்குப் போய்விடுகிறது. சில நாளில் மறுபடியும் ஐ.சி.யூ.வில் சேர்க்கிறார்கள். டாக்டர் எத்தனை லிட்டர் எழுதினார் என்று கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுகிறார்கள். கிடைத்தாலும் அதில் ‘ஆக்சிஜன் தொடரவும்’ என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. எழுதியவருக்கு அக்கறை இல்லை, வாங்கியவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆக்சிஜன் ஒரு மருந்து. காலையில் ஒரு மாத்திரை என்று எழுதியிருந்தால் மூன்றாக விழுங்குவோமா? பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை இவற்றால் வரும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகள் பலருக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும். அவர் மந்தமாகி, கண் செருகி, தூங்கத் தொடங்குவார். ‘இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்’ என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் பொதுவாக வைக்கும் இலக்கு 88 முதல் 92 வரை. மற்ற பெரும்பாலோருக்கு 94 முதல் 98 வரை. மகனைப் பதறவைத்த அந்த 90, டாக்டர் வேண்டுமென்றே நிறுத்திவைத்த அளவாகவே இருந்திருக்கலாம். திருகை நீங்களாக ஏற்றாதீர்கள், நீங்களாக இறக்கவும் செய்யாதீர்கள்.

சுவாச சிகிச்சை படிக்கும் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது நோயாளியைக் கண்ணால் பார்க்கத்தான். கருவி அதற்குப் பிறகு. வீட்டிலும் அதே வரிசைதான். அவர் அமைதியாக இருக்கும்போது, எண்ணுவதைச் சொல்லாமல், நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 30 ஆகிவிட்டால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலே அது வேக மூச்சு.

எண்ணும்போதே மற்றதையும் கவனியுங்கள். கழுத்துத் தசை இழுக்கிறதா, விலா இடுக்கு உள்வாங்குகிறதா, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்குகிறாரா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும், கருவி 96 காட்டினாலும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். திணறிக்கொண்டிருந்தவரின் வீசிங் சத்தம் திடீரென்று அடங்கினால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகாத நெஞ்சிலிருந்தும் சத்தம் வராது.

கருவியும் ஏமாற்றும். விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சோ மருதாணியோ இருந்தாலோ, கை நடுங்கினாலோ அளவு தவறும். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. தீ விபத்துப் புகையில் சிக்கியவருக்குக் கார்பன் மோனாக்சைடால் உயிர் போய்க்கொண்டிருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும்.

இன்ஹேலர் பழக்கமாகாது, பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. அழுத்தி அடிக்கும் வகை என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்குங்கள். ஸ்பேசர் குழாய் இருந்தால் மருந்து தொண்டையில் வீணாகாது. ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். நெபுலைசர் கப்பைக் கழுவிக் காயவையுங்கள். குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றவே கூடாது.

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். வறண்ட மூக்கில் வாஸலினோ எண்ணெயோ தடவாதீர்கள். ‘வாசலில் நின்று ஒரு பீடி’ என்பவரைத் துணிந்து திட்டுங்கள். கரன்ட் போனால் கான்சன்ட்ரேட்டர் நின்றுவிடும். அதற்கென ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்க வேண்டும். நிரம்பிய ‘பி டைப்’ சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் ஏறக்குறைய 12 மணி நேரம் வரும். வெல்டிங் பட்டறைச் சிலிண்டரை மலிவு என்று கொண்டுவந்துவிடாதீர்கள்.

இனி காகிதம். பில் கட்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருக்கின்றனவா என்று வார்டிலேயே நின்று படியுங்கள்: நோயின் பெயர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளைக்கு எத்தனை மணி நேரம், கேனுலாவா, மாஸ்க்கா, சாச்சுரேஷன் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குள் இருக்க வேண்டும், இன்ஹேலர் பெயரும் வேளையும், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், அடுத்த பரிசோதனைத் தேதி. ஒன்று விடுபட்டிருந்தாலும் எழுதித்தரச் சொல்லுங்கள். இன்ஹேலரை நர்ஸ் முன்னால் நீங்களே ஒருமுறை செய்துகாட்டுங்கள். தலையாட்டிவிட்டு வருவது கற்றுக்கொண்டதாகாது.

உள்நோயாளியின் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள். மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாப்பதும் கடமை. ‘ரெக்கார்டு செக்‌ஷன் ஆள் லீவு’ என்பது அந்த விதிகளில் இல்லாத சாக்கு. மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நோயாளி பெயர், ஐ.பி. எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி, ‘கேஸ் ஷீட், பரிசோதனை முடிவுகள் உட்பட எல்லா ஆவணங்களின் நகல்’ என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். நோயாளியால் வர முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை இணையுங்கள். உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் பதில் இல்லையா? தனியார் மருத்துவமனை என்றால் உங்கள் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். சிகிச்சைக் குறைபாட்டுக்கோ ஓட்டை கான்சன்ட்ரேட்டருக்கோ இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் ஆலோசனை கேட்க 1915. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதன் 7(1) பிரிவு சொல்வதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் புகாரைப் பதியலாம். ஆனால் கையில் பில் இல்லாமல், முத்திரை இல்லாமல் எந்த வாசலுக்குப் போனாலும் வெறுங்கைதான். வாடகை கான்சன்ட்ரேட்டருக்கும் பில் கேளுங்கள்.

இன்றைக்கே ஒரு தாளில் ஐந்து வரி எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டுங்கள்: எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், இலக்கு சாச்சுரேஷன், டாக்டர் எண், 108. முதல் மூன்றில் ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்றாலும் நாளைக் காலை ஓ.பி. சீட்டுப் போட்டு அதை டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அதுவரை அந்தத் திருகில் யாரும் கை வைக்க வேண்டாம்.