ஊர் அடங்கியது, அரட்டை அடங்கவில்லை!

2020 மார்ச் 25. கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாள். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் பயணிகள் ரயில் இல்லை. நாடு முழுக்க இதே கதை.

ஆனால் ஆகாயத்தில் மட்டும் ஓயாத பேச்சு! பேசியவர்கள் "ஹாம்" வானொலி நண்பர்கள். மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்சு வாங்கிய பொழுதுபோக்குக்காரர்கள் இவர்கள்.

"என்ன சார், சாப்பாடு ஆச்சா?" "உங்க ஏரியல் எத்தனை அடி உயரம்?" பேச்சு இவ்வளவுதான். முடிக்கும்போது "73" என்பார்கள். வாழ்த்துகள் என்று அர்த்தம். அந்த ஆண்டு பல நாடுகளில் அழைப்புப் பெயரோடு "ஸ்டே ஹோம்" என்றும் சேர்த்துக்கொண்டார்கள். "வீட்டிலேயே இரு" என்று உலகத்துக்கே புத்திமதி!

வெட்டிப்பேச்சு என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செத்துப்போனது. அப்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பெண்மணி பாரதி பிரசாத், தம் குழுவினரோடு வானொலி வழியாகத்தான் உறவினர்களுக்குத் தகவல் சேர்த்தார்.

2011-ல் "தானே" புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்த கடலூர்க்காரர்களுக்கு இதன் அருமை புரியும். டவர் போனால் செல்போன் வெறும் பொம்மை. ஒரு கார் பேட்டரி இருந்தால் போதும், ஹாம் பேசும்.

தினமும் அரட்டை அடித்துப் பழகிய கைதான் ஆபத்து வேளையில் நடுங்காது!