நெல் வயலிற் பாசி: அதனை அறிதலும் அடக்குதலும்

விதைத்துப் பத்துப் பதினைந்து நாட் சென்ற வயல்களில், நீரின்மேற் பச்சைப் போர்வை விரித்தாற்போலப் பாசி படர்வதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். சிலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் கண்டவுடன் மருந்து தேடிக் கடைக்குச் செல்வர். இவ்விரண்டும் நன்றன்று. எல்லாப் பாசியும் பகையன்று. ஆயினும் பகையானதை விட்டு வைத்தால் இளம்பயிர் அழியும். ஆதலால் இன்ன பாசியென முதலில் அறிந்து, பின்னரே ஆவன செய்தல் வேண்டும்.

பாசியின் வகைகள்

1. இழைப்பாசி: தலைமயிர் போன்ற பச்சை இழைகளாலானது. கையிலெடுத்தால் வழுக்கும், இழுத்தால் நூல்போல் நீளும். நீரின் அடியிற் தோன்றி, வெயில் ஏறியதும் தான் வெளிவிடும் ஒட்சிசன் குமிழிகளால் மேலெழுந்து பாயாக மிதக்கும். காற்று இப்பாயை ஒரு பக்கமாகத் தள்ளும்போது இளநாற்றுக்கள் அதனுட் சிக்கிச் சாய்ந்து வேரோடு பெயரும். வயலுக்குப் பெருங்கேடு செய்வது இதுவே.

2. நீலப்பச்சைப் பாசி: கரும்பச்சை அல்லது நீலப்பச்சைப் படலமாகவோ, சேற்றின்மேற் கூழ்க்கட்டிகளாகவோ காணப்படும். இவற்றுட் பல, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணிற் சேர்க்க வல்லன. நெல் வயலின் நைதரசன் வளத்திற்கு இவை உதவுவதை 1939 ஆம் ஆண்டிற் பி. கே. டே என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். மெல்லிய படலமாயின் இதனை அழித்தல் வேண்டா.

3. கிளைப்பாசி: சேற்றில் ஊன்றி, கணுக்கள்தோறும் வட்டமாகக் கிளைவிட்டு, சிறு செடிபோல் வளரும். சுண்ணாம்பு படிந்திருப்பதால் தொட்டாற் சொரசொரக்கும்; கசக்கினால் தீய நாற்றம் வீசும். நாற்றுக்களோடு இடத்திற்கும் உணவிற்கும் போட்டியிடும்.

சிற்றிலையும் தொங்கும் வேரும் உடைய அசோலா பாசியன்று. அது மிதக்கும் பன்னம். அதன் இலையினுள் நைதரசன் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசி வாழ்வதால் அது நற்பசளையாகும்.

பாசி பெருகுவதேன்?

வெயில், அசையாத நீர், நீரிற் கரைந்த பசளை ஆகிய மூன்றும் கூடுமிடத்திற் பாசி பெருகும். பயிர் வளர்ந்து நிழல் விழுந்ததும் அது தானே குறையும். இடைப்பட்ட சில வாரங்களே ஆபத்தானவை.

இங்கு மறைவான நட்டம் ஒன்றும் உண்டு. பகலிற் பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறும். அந்நீரில் யூரியாவை வீசினால், அது அமோனியாவாக மாறி, அதில் ஒரு பங்கு காற்றோடு கலந்துவிடும். பாசி மூடிய வயலிற் பசளையிடுதல், விலைகொடுத்து வாங்கியதைக் காற்றுக்குக் கொடுத்தலாகும்.

அடக்கும் முறை

(அ) அடிக்கட்டுப் பசளையாக இடும் பொசுபேற்றை நீர்மேல் வீசி விடாது, கடைசி உழவிற் சேற்றோடு கலந்து விடுக. பாசிக்கு ஊக்கமளிப்பது பெரும்பாலும் நீரில் நிற்கும் பொசுபேற்றே.

(ஆ) வயலை மட்டஞ் செய்க. பள்ளங்களிலேயே பாசி முதலிற் திரளும்.

(இ) பாய் தோன்றினால் உடனே நீரை வடித்து விடாதீர். நீர் இறங்கும்போது பாய் நாற்றின்மேற் படிந்து அதனைச் சேற்றில் அழுத்திவிடும். காற்று ஒதுக்கிய மூலையில் வாரியாலோ இலைக்கொத்தாலோ பாசியை முதலில் வாரி வரம்பிலேற்றுக. அதன்பின் வக்கடையைத் திறந்து, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றும்வரை இரண்டு மூன்று நாட் காயவிடுக. அதற்குமேற் காய்ந்தாற் களை முளைக்கும்.

(ஈ) மேற்கட்டு யூரியாவை ஒரே முறையில் இடாது பகுதி பகுதியாக, நீர் வடிந்த ஈரமண்ணில் இட்டுப் பின் நீர் கட்டுக.

(உ) வாரிய பாசியை எறிந்து விடாது வைக்கோலோடு குவித்துக் கூட்டெருவாக்குக. பயிர் உண்ண வேண்டிய உணவு அதனுள் அடங்கியுள்ளது.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆயினும் அதனை வளர்த்த பசளை நீரில் இருக்கும்வரை பாசி மீண்டும் வரும். செம்போ மண்ணில் அழியாது சேர்ந்து கொண்டே போகும், மீனுக்கும் நஞ்சாகும், நன்மை செய்யும் பாசியையும் கொல்லும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளாமல் இதனைக் கையாளற்க.

வயலிலிருந்து வடியும் பசளைநீர் குளத்தைச் சேர்ந்தால் அங்கும் பாசி திரளும். குளத்திற் திரளும் நீலப்பச்சைப் பாசிகளிற் சில நஞ்சுடையன; காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. நீர்மேற் பச்சைச் சாயம் ஊற்றியதுபோற் காணப்படின் அந்நீரைக் குடியற்க, மாடுகளுக்கும் காட்டற்க. பசளையிட்ட பின் சில நாட்களுக்கு வக்கடையை அடைத்து வைத்தால் உமது பசளையும் உமக்கே மிஞ்சும், ஊர்க்குளமும் தூய்மையாயிருக்கும்.