ஊர்ப் பெயரா, ஊழலின் பெயரா? இத்தாலியின் 'டான்ஜென்டோபோலி' பிறந்த கதை

இத்தாலி வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் 'டான்ஜென்டோபோலி' என்று ஓர் ஊர் கிடைக்காது. ஆனால், அந்தப் பெயரைக் கேள்விப்படாத இத்தாலியர் அபூர்வம். நாட்டின் பெரிய கட்சிகளையே காணாமல் போகச் செய்த ஊழலின் பெயர் அது.

பெயரைப் பிரித்தால் என்ன பொருள்?

டான்ஜென்டே + போலி. இது நம்ம ஊர் 'போலி' இல்லைங்க! நகரம் என்று பொருள்படும் 'போலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வால். நாப்போலி நகரின் பெயரிலும் இதுதான் இருக்கிறது. 'டான்ஜென்டே' என்பது 'தொடுதல்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பள்ளிக்கூடக் கணக்கில் படித்த தொடுகோட்டுக்கும் அங்கே இதே சொல்தான். ஒருவருக்குச் சேர வேண்டிய பங்கு என்ற பொருளும் அதற்கு உண்டு. அந்தப் 'பங்கு'தான் பிறகு லஞ்சமானது. 'வழக்கமானது' என்று பொருள்பட்ட 'மாமூல்' நம்மிடம் லஞ்சமாக மாறியதைப் போல. ஆக, டான்ஜென்டோபோலி என்றால் 'லஞ்சபுரி'.

எப்போது பிறந்தது?

1992 பிப்ரவரி 17. மிலான் நகரின் முதியோர் இல்லம் ஒன்றின் தலைவர் மரியோ கியேசா, துப்புரவு நிறுவன உரிமையாளரிடம் 70 லட்சம் லிரா லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகச் சிக்கினார். அவர் சார்ந்த சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர் பெட்டினோ க்ராக்ஸியோ, 'யாரோ ஒரு திருட்டுப் பயல்' என்கிற தோரணையில் கைகழுவினார். விசாரணை விரிந்தபோது, ஒப்பந்தத்துக்கு இவ்வளவு என்று கட்சிகளுக்குப் பங்கு போனது அம்பலமானது. கடைசியில் க்ராக்ஸியே துனிசியாவுக்குப் போய்விட்டார்.

ஏன் இந்தச் சொல் நிலைத்தது?

க்ராக்ஸி 'ஒரு ஆள்' என்றார். சொல்லோ 'ஒரு ஊரே' என்றது. மிலானைக் குறித்துப் பத்திரிகைகள் எழுதிய பெயர், சீக்கிரமே நாடு முழுவதற்கும் பொருந்திவிட்டது.

பிறகு என்ன ஆனது?

2006-ல் கால்பந்து நடுவர் நியமனங்களில் தலையிட்ட விவகாரம் வெடித்தது. யுவென்டஸ் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. அதற்குப் பெயர் 'கால்சியோபோலி'. 'கால்சியோ' என்றால் கால்பந்து. இங்கே 'போலி' நகரம் அல்ல, ஊழல்! வாட்டர்கேட் கட்டடத்தின் 'கேட்' ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரிதான்.

இன்று சின்னச் சர்ச்சைக்கும் இத்தாலியில் ஒரு 'போலி' ஒட்டப்படுகிறது. ஆனால், ஒரு தனிமனிதரின் திருட்டுக்கு வைத்த பெயரல்ல அது. எல்லோரும் பங்கு வாங்கிய ஊருக்கு வைத்த பெயர்.