காந்தமே வைக்காம ஹால் வோல்டேஜ் வருமா?

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல ஹால் எஃபெக்ட் செஞ்சிருப்பீங்க. சின்ன ஜெர்மானியம் துண்டு, ரெண்டு பக்கமும் மின்காந்தம். நீளவாக்குல கரண்ட் விட்டா அகலவாக்குல சில மில்லிவோல்ட் வரும். ரீடிங் எடுத்தோம், கிராஃப் போட்டோம், ரெக்கார்டுல கையெழுத்து வாங்கினோம், மறந்துட்டோம். ஜெர்மானியத்துக்குப் பதிலா இரும்பை வெச்சா என்ன ஆகும்? இந்தக் கேள்வியை எட்வின் ஹாலே அப்பவே கேட்டுட்டார்.

1879-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ, மெல்லிய தங்கத் தகட்டுல இந்த விளைவை அவர் கண்டுபிடிச்சார். கொஞ்ச நாள்லயே இரும்புலயும் அளந்தார். தங்கத்தைவிட ரொம்பப் பெருசா இருந்துச்சு. தங்கத்துக்கு விளக்கம் சுலபம். காந்தப்புலம் எலெக்ட்ரான்களை ஒரு ஓரமாத் தள்ளுது, அங்கே கூட்டம் சேருது, வோல்டேஜ் வருது. ஆனா காந்தப் பொருள்கள்ல கதையே வேற. வெளிக்காந்தத்தை எடுத்துட்டாலும், பொருள் தானே காந்தமா இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கவாட்டு வோல்டேஜ் நிக்கும். இதுக்கு அனாமலஸ் ஹால் எஃபெக்ட்னு பேரு.

அப்போ தள்றது யாரு?

நம்ம டெல்டாக்காரங்களுக்கு இதைப் புரிஞ்சிக்க ஒரு சௌகரியம் இருக்கு. வாய்க்கால் வளையுற இடத்தைப் பாருங்க. தண்ணி வெளிக்கரையைத்தான் அரிக்கும். மணல் மூட்டை அடுக்குறதும் அங்கேதான். பக்கத்துல நின்னு தண்ணியை யாரும் தள்ளலை. வாய்க்காலோட வளைவே அந்த வேலையைச் செய்யுது. காந்தப் பொருளுக்குள்ள நடக்கறதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே வளைஞ்சிருக்கிறது கம்பி இல்ல, எலெக்ட்ரானோட குவாண்டம் நிலை. உந்தம் மாற மாற அந்த நிலையும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புது.

"நிலை எப்படிங்க வளையும்?"னு கேட்டா, ஒரு பந்தும் தீக்குச்சியும் எடுங்க. பந்தோட நடுக்கோட்டுல குச்சியை வடக்கு பார்த்து வைங்க. கையால திருப்பாம, அப்படியே உச்சிக்கு நகர்த்துங்க. உச்சியில இருந்து கால் சுத்து தள்ளி இன்னொரு கோடு வழியா இறக்குங்க. பிறகு நடுக்கோட்டு வழியாவே கிளம்பின இடத்துக்கு வாங்க. குச்சி இப்போ கிழக்கு பார்க்கும். எந்த இடத்துலயும் நீங்க திருப்பலை, ஆனா 90 டிகிரி திரும்பியிருக்கு. பந்தோட வளைவு செஞ்ச வேலை அது.

இதையே ஒளியில முதன்முதலா எழுதிக் காட்டினவர் எஸ். பஞ்சரத்னம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற திருவானைக்காவல்ல பிறந்த சி.வி. ராமனோட சகோதரி மகன். 1956-ல, பெங்களூர்ல ராமன் ஆராய்ச்சி நிலையத்துல இருந்தப்போ அவருக்கு வயசு 22. நம்மளைவிட ஒரு வயசுதான் கூட! ஒளியோட ஒவ்வொரு போலரைசேஷன் நிலையையும் ஒரு கோளத்து மேல புள்ளியா வைக்கலாம். ஒளியை மூணு நிலை வழியாக் கொண்டுபோய்த் திரும்பப் பழைய நிலைக்கே கொண்டுவந்தா, அதோட ஃபேஸ் மாறியிருக்கும். எவ்வளவுன்னா, அந்த மூணு புள்ளியும் கோளத்துல அடைக்கிற திண்மக் கோணத்துல சரியாப் பாதி.

1984-ல மைக்கேல் பெர்ரி இதே கணக்கை எல்லா குவாண்டம் நிலைகளுக்கும் பொதுவா எழுதினார். இது பஞ்சரத்னம் ஏற்கெனவே கண்டதுதான்னு 1986-ல ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் எடுத்துக்காட்டினாங்க. அடுத்த வருஷமே பெர்ரி அதை ஏத்துக்கிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். ஆனா பஞ்சரத்னம் 1969-லயே, 35 வயசுல இறந்துட்டார். இன்னிக்கும் பாடப்புத்தகத்துல 'பெர்ரி ஃபேஸ்'னுதான் பெரும்பாலும் இருக்கு. எனக்கு இது கொஞ்சம் உறுத்துது.

சரி, எல்லாப் பொருள்லயும் இந்த வளைவு இருந்தா செம்புலயும் வோல்டேஜ் வரணுமே? வராது. காந்தம் இல்லாத பொருள்ல ஒரு திசையில போற எலெக்ட்ரான் இடது பக்கம் விலகினா, எதிர்த்திசைக்காரன் அதைச் சரிக்கட்டிடுவான். மொத்தம் பூஜ்யம். காந்தம் அந்தச் சமநிலையைக் குலைக்குது.

டோபாலஜி வர்றது இங்கேதான். சில படிகங்கள்ல ரெண்டு எனர்ஜி பேண்டுகள் ஒரே புள்ளியில தொட்டுக்கும். அதுக்கு வைல் புள்ளின்னு பேரு. வளைவுக்கு ஊற்றுக்கண்ணே அதுதான். கொஞ்சம் மாசு கலந்தாலும் அது மறையாது, இடம்தான் நகரும். எதிர்க்குறி உள்ள இன்னொரு வைல் புள்ளியோட சேர்ந்தாத்தான் அழியும்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் மூணு பங்கு மாங்கனீஸும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த படிகம். ஆறுமூலை ஓட்டை வர்ற மாதிரி பின்னின கோழிப் பஞ்சாரத்தைப் பாத்திருப்பீங்க. மாங்கனீஸ் அணுக்கள் அதே பின்னல்ல உக்காந்திருக்கும். அணுக் காந்தங்கள் 120 டிகிரி விலகி நின்னு ஒண்ணையொண்ணு அடிச்சிக்கும். அதனால மொத்தக் காந்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படின்னா அனாமலஸ் ஹால் வோல்டேஜும் இருக்கக் கூடாதே? 2015-ல ஜப்பான்ல நகட்சுஜி குழு அளந்து பாத்தாங்க. அறை வெப்பநிலையிலயே பெரிய விளைவு! 'உள்ள இருக்கிற காந்தம்தான் தள்ளுது'ங்கிற வாதம் இங்கே நிக்கவே நிக்காது. வளைவுதான் தள்ளுது.

பொறியாளருக்கு இதுல என்ன லாபம்? மெமரி. சாதாரணக் காந்த பிட்டுகளை ரொம்ப நெருக்கி வெச்சா ஒண்ணோட காந்தம் பக்கத்து பிட்டைத் தொந்தரவு பண்ணும். இந்தப் படிகத்துல வெளியே கசியற காந்தம் ரொம்பக் குறைவு, ஆனா நிலையை வோல்டேஜாப் படிக்க முடியுது.

இதோட உச்சகட்டம் குவாண்டம் அனாமலஸ் ஹால் எஃபெக்ட். வெளிக்காந்தமே இல்லாம, கரண்ட் ஓரம் வழியா மட்டும் இழப்பில்லாம ஓடும். ஹால் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 25,813 ஓம்ல போய் நிக்கும். 2013-ல சீனாவுல சுவே சிகுன் குழு குரோமியம் கலந்த படலத்துல இதைக் காட்டினாங்க. ஆனா வெப்பநிலை 30 மில்லிகெல்வின், அதாவது தனிப்பூஜ்யத்துக்கு ஒரு டிகிரியில நூத்துல மூணு பங்கு மேல. அதை நம்ம லேப் வெப்பநிலைக்குக் கொண்டுவர்ற பொருளை இன்னும் யாரும் செய்யலை.